மேகநாத சாஃகா

மேகநாத சாஃகா (அக்டோபர் 6, 1893 – பெப்ரவரி 16, 1956) ஓர் இந்திய வானியற்பியலாளர் ஆவார். வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரு வளிமத்தின் அணுக்களில் எவ்வளவு பங்கு அயனியாகும் என்பதைக் கணிக்கும் சாஃகா சமன்பாட்டிற்காக இவர் அறியப்படுகிறார்.

இளமைக் காலம்

டாக்காவிற்கு அருகிலுள்ள சியோரத்தலி என்னும் சிற்றூரில், எளிய மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் தங்க இடமளித்ததால் பள்ளிப் படிப்பைத் தொடர முடிந்தது. 1905 இல் வங்கப் பிரிவினைக்கு எதிரான மாணவர் புறக்கணிப்பில் பங்கேற்றதால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, உதவித்தொகையையும் இழந்தார். வேறு பள்ளியில் சேர்ந்து படித்து, பின்னர் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றார். சத்தியேந்திர நாத் போசு இவருடைய வகுப்புத் தோழர்.

அயனியாக்கச் சமன்பாடு

1920 இல் இச்சமன்பாடு வெளியானது. கதிரவனின் நிறமாலையில் சில தனிமங்களின் உட்கவர் கோடுகள் தென்படாமைக்கு அவை அங்கு இல்லை என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. அவற்றின் அணுக்கள் அயனியாகியிருக்கலாம் என்று இவர் விளக்கினார். வெப்பம் குறைந்த கதிரவப் புள்ளிகளில் ருபீடியத்தின் கோடுகள் தென்படக்கூடும் என்ற இவரது கணிப்பு பின்னர் உறுதியானது. 1925 இல் செசிலியா பெய்ன் இச்சமன்பாட்டைப் பயன்படுத்தி, விண்மீன்களில் ஐதரசனே மிகுதி என்று காட்டினார்.

வேதிப் பகுப்பாய்வில்

நீரிலும் மண்ணிலும் உள்ள நுண்ணளவுத் தனிமங்களை அளக்கும் அணு உட்கவர் நிறமாலையியலிலும் இதே விளைவு காணப்படுகிறது. சுடரில் அயனியான அணு, நடுநிலை அணுவிற்குரிய அலைநீளத்தில் ஒளியை உட்கவர்வதில்லை. எனவே அளவு குறைத்துக் காட்டப்படும். பொட்டாசியம், சீசியம் போன்றவை எளிதில் அயனியாகும். அலுமினியத்திற்கோ வெப்பம் மிகுந்த நைட்ரசு ஆக்சைடு–அசிட்டிலீன் சுடர் தேவை. ஆகவே பல தனிமங்களை ஒரே சுடரில் ஒருசேர அளப்பது கடினம். மாதிரியிலும் செந்தரக் கரைசல்களிலும் சீசியம் உப்பைச் சேர்த்தால், அதிலிருந்து வெளிப்படும் எதிர்மின்னிகள் பிற தனிமங்களின் அயனியாக்கத்தைத் தடுக்கின்றன.

பொதுவாழ்வு

1927 இல் அரச கழக உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பல முறை பரிந்துரைக்கப்பட்டும் அது கிடைக்கவில்லை. 1952 இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கினார்.

மறைவு

1956 இல் தில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் மயங்கி விழுந்து காலமானார். இவரது குழு பரிந்துரைத்த தேசிய நாட்காட்டி மார்ச் 22, 1957 அன்று நடைமுறைக்கு வந்தது. கொல்கத்தாவில் இவர் நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிறுவனம் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.