ஆசிரியர் பெஸ்தலோசியின் சரித்திரம்

ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர்க்கு ஒரோவொரு காலத்தில் மனச்சோர்வு உண்டாதல் இயல்பு. பாடசாலையிற் பிள்ளைகள் தொகை குறைதலாலும், கட்டடத்தைப் பழுதுபார்த்தற்குப் பொருள் இன்மையாலும், பெற்றோர் நன்றி பாராட்டாமையாலும், இதுகாறுஞ் செய்தனவெல்லாம் வீணாயின என்றெண்ணி வருந்துகின்றோம். அங்ஙனம் வருந்துவோர் அறியத்தக்க சரித்திரம் ஒன்றுண்டு. அது சுவிற்சர்லாந்து தேசத்திலே எண்பத்தோராண்டு வாழ்ந்து, தாம் தொடங்கிய பாடசாலைகள் ஒவ்வொன்றாய்த் தம் கண்முன்னே ஒழியக் கண்டும், பிள்ளைகளைக் கைவிடாத பெஸ்தலோசி என்பாரது சரித்திரமாம். யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் இவர் பெயரைப் பரீட்சைக்குரிய விடையாக மாத்திரமே மனனஞ் செய்தோம். இவர் வாழ்க்கையை முற்ற ஆராய்ந்தது, பல்லாண்டு கற்பித்த பின்னரேயாம். அப்பொழுது இவரது கல்வி முறையினும் இவர் அடைந்த தோல்விகளே எமக்கு மிகுதியாகப் போதித்தன.

பெஸ்தலோசி 1746ஆம் ஆண்டு சனவரி மாதம் 12ஆந் தேதி சூரிக் நகரிற் பிறந்தார். தந்தையார் சத்திர வைத்தியர். இவருக்கு ஐந்து வயதாயிருக்கையில் அவர் இறந்தார். இறக்குந் தறுவாயில், அவ்வீட்டு வேலைக்காரியாகிய பாபெலி என்பாள் குடும்பத்தைக் கைவிடேன் என்று அவருக்கு வாக்களித்து, அவ்வாக்கைத் தவறாது காத்தாள். தாயாரும் அவளும் செட்டாகச் சீவித்தனர். வீதியில் விளையாடினால் உடையும் பாதரட்சையும் தேயுமென்று பிள்ளைகளை வீட்டினுள்ளே வைத்து வளர்த்தனர். அதனாற் பெஸ்தலோசி பிற சிறுவரோடு பழகியறியாதவராய்ப் பள்ளியிலே பரிகாசத்துக்கு ஆளானார். பாட்டனார் அயற்கிராமமொன்றிற் குருவாயிருந்தார். அவரிடஞ் சென்று தங்கிய நாட்களிலே கிராமத்து ஏழைகளின் துன்பத்தை இவர் நேரே கண்டார். அக்காட்சி இவர் உள்ளத்தினின்று ஒருபோதும் அகன்றிலது.

கற்றவர் பலரும் குருத்துவத்தையோ நியாயவாதத்தையோ நாடிய அக்காலத்தில், இவர் பயிர்த்தொழிலை விரும்பினார். 1769ஆம் ஆண்டிலே தம்மினும் எட்டு வயது மூத்த அன்னா என்னும் பெண்மணியை மணந்து, பிர் என்னுங் கிராமத்தருகே நிலம் வாங்கி வீடு கட்டி, அதற்குப் புதுமனை எனப் பொருள்படும் நொய்கோப் என்னும் பெயரிட்டார். நிலமோ வளமற்றது, பணம் உதவ வந்தோரும் பின்வாங்கினர். வேளாண்மை நட்டமாயிற்று. தம் வறுமைக்கு வழி தேடவேண்டிய அந்நிலையிலே, 1774ஆம் ஆண்டளவில், வீதியில் இரந்து திரிந்த பிள்ளைகளைத் தம் வீட்டிற் சேர்த்து உணவும் உடையுங் கொடுத்து, பஞ்சு நூற்றல், நெய்தல், தோட்டவேலை என்பவற்றோடு எழுத்தும் எண்ணுங் கற்பித்தார். பிள்ளைகள் முப்பதின் மேற்பட்டனர். அவர் செய்யுந் தொழிலின் வருவாயே அவரைத் தாங்குமென்பது இவர் கணக்கு. அக்கணக்குப் பிழைத்தது. புத்துடை பெற்றவுடன் பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோரும் உளர். மனைவியாரின் பொருளும் இவ்வழியிற் செலவாக, 1780ஆம் ஆண்டில் அந்நிலையம் மூடப்பட்டது.

இவருக்கு ஒரேயொரு புதல்வன். ரூசோ என்னும் அறிஞரிடத்து வைத்த மதிப்பினால் அவர் பெயரையே மகனுக்கு இட்டு, அவர் நூலிற் கூறியபடியே அவனை வளர்க்கத் தலைப்பட்டார். பதினொரு வயதாகியும் அவன் சரிவர எழுதவும் வாசிக்கவும் அறிந்திலன். வலிப்பு நோயினால் வருந்தி, 1801ஆம் ஆண்டிலே முப்பத்தோராம் வயதில் இறந்தான். பிறர் பிள்ளைகளுக்குத் தந்தையெனப் புகழ்பெற்றவர் தம் பிள்ளையை வளர்த்தலில் இவ்வாறு இடர்ப்பட்டார். இதனை யாம் மறைத்தல் தகாது. நூலிற் கண்ட கொள்கை எத்துணைச் சிறப்பினதாயினும், எதிரே நிற்கும் பிள்ளையின் இயல்பை நோக்காது அதனைப் பிரயோகித்தல் தவறென்பதை இவர் பெருவிலை கொடுத்துக் கற்றார் என்க.

நிலையம் ஒழிந்த பின்னர் இவர் எழுத்து வேலையில் இறங்கினார். 1781ஆம் ஆண்டில் வெளிவந்த லீன்காட்டும் கெர்த்துரூட்டும் என்னுங் கதை இவர் புகழை எங்கும் பரப்பிற்று. குடிப்பழக்கத்துக்கு ஆளான கணவனையும் குடும்பத்தையுந் தன் நற்குணத்தாற் காத்து, அதனால் ஊரையே திருத்துவதற்குக் காரணமான ஒரு பெண்ணின் கதை அது. புகழ் வந்தும் வறுமை தீர்ந்திலது. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வாய்ப்பை எதிர்பார்த்து இவர் பதினெட்டாண்டு காத்திருந்தார்.

அவ்வாய்ப்பு ஒரு கொடிய நிகழ்ச்சியின் பின் வந்தது. 1798ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், பிரெஞ்சுக்காரரின் ஆதரவோடு எழுந்த புதிய அரசாங்கத்தை எதிர்த்த நித்வால்டன் பகுதியினுட் படை புகுந்து, நூற்றுக்கணக்கானோரைக் கொன்று வீடுகளை எரித்தது. அநாதைகளாய் நின்ற பிள்ளைகளைப் பராமரிக்கும்படி அரசாங்கத்தார் இவரை ஸ்ரான்ஸ் என்னுஞ் சிற்றூருக்கு அனுப்பினர். அப்பொழுது இவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவ்வூரார் கத்தோலிக்கர், இவரோ புரட்டஸ்தாந்தர். தம்மை அழித்த அரசாங்கத்தின் ஊழியராக வந்தவரை அவர்கள் ஐயுற்றது வியப்பன்று. கன்னியர் மடத்தைச் சார்ந்த, வேலை முடியாத கட்டடமொன்றிலே சொறியும் பேனும் பசியும் உடையராய் வந்த எண்பது பிள்ளைகளை, ஒரு வேலைக்காரியை மாத்திரந் துணைக்கொண்டு இவர் பராமரித்தார். புத்தகமும் கருவியும் இல்லை. அவரோடு உண்டு, அவரோடு உறங்கி, நோயுற்றாரைத் தாமே பேணினார். சமயக் கோட்பாடுகளைச் சொல்லாற் புகட்ட முயன்றிலர். பசித்த மற்றொரு பிள்ளைக்குத் தன் உணவிற் பங்கு கொடுக்கும் மனத்தையே முதலில் வளர்த்தார். சிலபோது பிள்ளைகளை அடித்ததையும் ஒளியாது எழுதி வைத்தார். ஐந்து மாதத்துள் பிள்ளைகளின் முகம் மாறிற்று. 1799ஆம் ஆண்டு சூன் மாதத்திலே படைவீரருக்கு வைத்தியசாலை அமைத்தற்காக அக்கட்டடம் எடுக்கப்பட்டது. பெஸ்தலோசி இரத்தம் கக்கும் நோயோடு அவ்வூரை விட்டு நீங்கினார்.

நோய் சிறிது தணிந்தவுடன், புர்க்டோர்ப் என்னும் ஊரிலே மிகத் தாழ்ந்த பாடசாலையில் உதவி ஆசிரியராய் அமர்ந்தார். அதன் தலைமையாசிரியர் செருப்புத் தைத்தலையுந் தொழிலாக உடையவர். நூலாசிரியரென்று பல தேசத்தாரும் அறிந்த ஒருவர் அவருக்குக் கீழ்ப்பட்டுக் கற்பிக்க நாணவில்லை. பெற்றோர் இவர் முறையை விரும்பாமையால் வேறொரு பாடசாலைக்கு மாறினார். 1800ஆம் ஆண்டிலே பரீட்சித்தவர்கள் பிள்ளைகளின் தேர்ச்சியைக் கண்டு வியந்து பாராட்டினர். அவ்வூர்க் கோட்டையிற் பாடசாலை அமைக்க இடமும் கிடைத்தது. 1801ஆம் ஆண்டில் தமது முறையை விளக்கி நூலெழுதினார். சொல்லை மனனஞ் செய்வித்தற்குமுன் பொருளை நேரே காட்டுதல், எண் வடிவு சொல் என்னும் மூன்றையும் அடிப்படையாகக் கொள்ளுதல், எளியதினின்று அரியதற்குப் படிப்படியாய்ச் செல்லுதல், அறிவும் உள்ளமும் கையும் ஒருங்கே வளரச் செய்தல் என்பன அம்முறையின் சாரம்.

1804ஆம் ஆண்டில் அக்கோட்டையையும் அரசாங்கம் திரும்பப் பெற்றது. பின்னர் இவர்டன் என்னும் ஊரின் கோட்டையிலே இவர் நடத்திய வித்தியாசாலை ஐரோப்பா முழுதும் புகழடைந்தது. நூற்றைம்பதளவினரான மாணாக்கர் பல தேசங்களினின்றும் வந்தனர். பிரஷியா அரசாங்கம் முறையைக் கற்கும்படி இளம் ஆசிரியரை அனுப்பிற்று. பிற்காலத்திற் பாலர் தோட்டப் பள்ளியை நிறுவிய பிரபெல் 1808 முதல் 1810 வரை அங்கிருந்து பயின்றார். 1814ஆம் ஆண்டிலே படைகளுக்கு வைத்தியசாலையாக்க அக்கோட்டையை எடுக்க முயன்றபோது, பெஸ்தலோசி பாசல் நகருக்குச் சென்று ருசியச் சக்கரவர்த்தியைக் கண்டு பேசி அதனைத் தடுத்தார். ஸ்ரான்சில் இழந்ததை ஈண்டு இழவாது காத்தார்.

ஆயினும் புறத்தேயிருந்து வந்த இடரை வென்றவர், அகத்தே விளைந்த இடரை வென்றிலர். உதவியாசிரியர்கள் முறையின் பொருள் யாதென்றும், நிருவாகம் யாருக்குரியதென்றும் பிணங்கினர். 1815ஆம் ஆண்டு மனைவியார் இறந்தபின் பிணக்கு முற்றி வழக்காயிற்று. வரவு செலவை நடத்தும் வன்மையும் ஊழியரை ஒன்றுபடுத்தும் வன்மையும் இவருக்கு எஞ்ஞான்றும் இல்லை. பிள்ளைகள்மேல் அன்பினால் எழுந்த முறையை, அவ்வன்பை மறந்து பெரியோர் தம்முள் வாதிக்கும் பொருளாக்கினர். 1825ஆம் ஆண்டிலே அவ்வித்தியாசாலையும் மூடப்பட்டது.

எழுபத்தொன்பது வயதுக் கிழவராய் நொய்கோப்புக்கு மீண்ட பெஸ்தலோசி, அங்கேயும் ஏழைப்பிள்ளைகளுக்கு ஓர் இல்லங் கட்டத் தொடங்கினார். 1827ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 17ஆந் தேதி புருக் என்னும் ஊரில் இறந்தார். பிர் கிராமத்துப் பாடசாலையின் பக்கத்தே அடக்கஞ் செய்யப்பட்டார். இவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1846ஆம் ஆண்டிலே அவ்விடத்துப் புதிய பாடசாலைச் சுவரில் ஞாபகச்சின்னம் அமைக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டிலோ, இவர் முதன்முதல் தோல்வியுற்ற நொய்கோப் நிலத்திலே ஆதரவற்ற இளைஞருக்கான இல்லமொன்று திறக்கப்பட்டது. நூற்றுமுப்பதாண்டுகளுக்கு மேலாகியும் அவ்வித்து அழிந்திலது.

ஆசிரிய அன்பர்காள், கட்டடம் போகும், பணம் போகும், உடனுழைப்போரும் பிரிவர். நல்ல முறையுங்கூட அன்பு நீங்கியவிடத்து வெறுஞ் சடங்காய்விடும். நாளைக் காலையிலே நம் வகுப்பின் பின் வாங்கிலில் பசியோடு வந்திருக்கும் பிள்ளை ஒன்றிருக்கலாம். நமது கல்வி முறை யாதென்று அப்பிள்ளை வினவாது. தன் பசியை நாம் அறிந்தோமோ என்பதையே நம் முகத்தில் நோக்கும். அங்ஙனம் நோக்கிய எண்பது பிள்ளைகளுக்கு ஸ்ரான்சிலே ஐந்து மாதம் முகங்கொடுத்தமையே பெஸ்தலோசி செய்த பெருந்தொண்டு என்பது எமது துணிபு. அத்தொண்டு செய்தற்குக் கோட்டை வேண்டுவதன்று. அது நம்மெல்லார்க்கும் இயல்வதே.