வெண்கல ஒலியைத் தேடிப் போனவர்

இந்த முறை நான் எழுதுவது காலின் மெக்ஃபீ என்ற இசையமைப்பாளரைப் பற்றி. இந்தோனேசியாவின் கமெலான் இசையை மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவந்தவர் இவர்.

கமெலான்னா என்னன்னு கேக்குறீங்களா? அது ஒரு வாத்தியக் குழு. வெண்கலப் பட்டைகள், சின்னதும் பெரிசுமாகச் சேகண்டிகள், மத்தளம் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். பாலித் தீவில் வாத்தியங்களை ஜோடி ஜோடியாகச் செய்வார்கள். ஒன்றின் சுருதி மற்றதைவிட இம்மியளவு கூடுதலாக இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஒலி அலை அலையாகத் துடிக்கும்!

மெக்ஃபீ 1900-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பிறந்தார். பியானோ கற்றார். 1928-ல் பாலியில் பதிவு செய்யப்பட்ட இசைத்தட்டுகளை நியூயார்க்கில் கேட்டார். அவ்வளவுதான், 1931-ல் பாலிக்கே கிளம்பிவிட்டார். சயான் என்ற கிராமத்தில் வீடு கட்டினார். நடுநடுவே வெளிநாடு போய் வந்தாலும், 1938 வரை அந்தத் தீவுதான் அவருக்கு வீடு.

அப்போது பாலியில் கெப்யார் என்ற புதுப் பாணி வேகமாகப் பரவியது. அதற்கு வாத்தியம் செய்யப் பழைய கமெலான்களை உருக்கினார்கள். அந்த இசை பெரும்பாலும் கலைஞர்களின் மனப்பாடத்தில் இருந்தது. வாத்தியம் போனால் பாட்டும் போச்சு! மெக்ஃபீ பழைய குருமார்களைத் தேடிப் போனார். அவர்கள் வாசிக்க வாசிக்க, சுரம் சுரமாக எழுதி வைத்தார். அந்த இசைத்தட்டுகளும் அங்கே விற்கவில்லை. வியாபாரி ஆத்திரத்தில் பலவற்றை உடைத்துப் போட்டார். மிச்சத்தை மெக்ஃபீ வாங்கிப் பத்திரப்படுத்தினார்.

1936-ல் 'தாபுஹ் தாபுஹான்' என்ற படைப்பை எழுதினார். இரண்டு பியானோ, செலஸ்டா, சைலபோன், மரிம்பா, குளோக்கன்ஸ்பீல் ஆகியவை நடுவில் இருந்து கமெலான் மாதிரி ஒலிக்கும். சுற்றிலும் முழு ஆர்க்கெஸ்ட்ரா. கூடவே பாலியின் நிஜச் சேகண்டிகள்! அதே வருடம் மெக்சிகோ நகரில் கார்லோஸ் சாவேஸ் அதை அரங்கேற்றினார். ஆனால் நியூயார்க் மேடையில் அது ஒலிக்க 1953 ஆகிவிட்டது. பதினேழு வருடம்! இடையில் மெக்ஃபீ பணக்கஷ்டத்தால் ரொம்பவே வாடினார். எழுதி வைத்த சுரங்களை மட்டும் கைவிடவில்லை.

கடைசிக் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். பாலி இசை பற்றிய அவருடைய பெரிய நூல் 1966-ல் வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1964-லேயே காலமாகிவிட்டார்.

புது இசைமேல் ஆசைப்பட்ட பாலி மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெண்கலம் அவர்களுடையது, ஆசையும் அவர்களுடையது. ஆனால் உருக்கின வெண்கலத்தில் இருந்து பழைய பாட்டை மறுபடி எடுக்க முடியாதே! அதுக்குத்தான் மெக்ஃபீ மாதிரி ஒருத்தர் வேணும். அவர் சேர்த்து வைத்த தட்டுகள், பல வருடம் கழித்து, அந்தக் கலைஞர்களின் பேரப்பிள்ளைகள் தலைமுறைக்கே கேட்கக் கிடைத்தன. கைதட்டல் கிடைத்த அந்த மெக்சிகோ மேடையைவிட எனக்கு இதுதான் பெரிசாகத் தெரிகிறது. உங்களுக்கு எப்படி?