தஞ்சாவூர் மாத்திரையும் டாக்டர் ரஸ்ஸலும்

கண்ணாடி விரியனை நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறுப்பு சமயத்தில் எலியைத் தேடி வரப்புக்கும் வைக்கோல் போருக்கும் வரும். குக்கர் விசில் மாதிரி சீறும். ஆங்கிலத்தில் அதற்கு 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' என்று பெயர். யார் இந்த ரஸ்ஸல்?

பாட்ரிக் ரஸ்ஸல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்த டாக்டர். சிரியாவின் அலெப்போ நகரில் பல வருஷம் இருந்தவர். 1760-62இல் அங்கே பிளேக் வாரிக்கொண்டு போனபோதும் ஊரை விட்டு ஓடாமல் வைத்தியம் பார்த்தார். பிறகு 1780களின் தொடக்கத்தில், கம்பெனி உத்தியோகத்திலிருந்த தம்பி கிளாடோடு விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். அப்போதே வயசு 55 இருக்கும். மற்றவர்கள் பென்ஷன் கணக்குப் போடும் வயசு!

அந்த நாளில் சென்னை ராஜதானியில் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்தவர் கோனிக். தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு டாக்டராக வந்து, நம்ம கடற்கரைச் செடிகொடிகளை அலசியவர். 1785இல் அவர் இறந்ததும் அந்த வேலை ரஸ்ஸலுக்கு வந்தது. செடியோடு நிற்காமல் மனுஷர் பாம்பில் இறங்கிவிட்டார். எது விஷப்பாம்பு, எது சும்மா பாம்பு என்று ஜனங்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டும் என்பது அவர் நோக்கம்.

பாம்புக்கடிக்கு அப்போது பேர்போன மருந்து 'தஞ்சாவூர் மாத்திரை'. பாஷாணம் சேர்ந்தது. வெள்ளைக்கார டாக்டர்கள்கூட நம்பினார்கள். ரஸ்ஸல் அதைக் கேலியும் செய்யவில்லை, கும்பிடவும் இல்லை. சோதித்தார். நாய்களையும் கோழிகளையும் பாம்பைவிட்டுக் கடிக்க வைத்து, என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். (அந்த வாயில்லா ஜீவன்களை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.) மாத்திரை பலிக்கவில்லை என்று முடிவு கட்டினார். கடிபட்டுப் பிழைத்தவன் மாத்திரையால் பிழைத்தானா, விஷம் இறங்காததால் பிழைத்தானா? சோதிக்காமல் எப்படிச் சொல்வது?

விசாகப்பட்டினத்தார் 'காட்டுக ரேகுல பொட' என்று சொன்ன பாம்பை, நல்ல பாம்புக்கு அடுத்த கொடிய பாம்பு என்று எழுதியவரும் அவரே. 1789இல் ஊர் திரும்பினார். 1796இல் வண்ணப் படங்களோடு அவருடைய இந்தியப் பாம்புகள் நூலின் முதல் பாகம் வந்தது. அடுத்த வருஷமே ஜார்ஜ் ஷா அந்தப் பாம்புக்கு இவர் பெயரை வைத்தார். 1805இல் ரஸ்ஸல் லண்டனில் காலமானார். இரண்டாம் பாகம் முழுசாக வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்த விஷம் ரத்தத்தில் என்ன செய்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களில் 5ஆம், 10ஆம் எண் காரணிகளை அது தட்டி எழுப்பிவிடுகிறது. உடம்புக்குள்ளேயே சின்னச் சின்னக் கட்டிகள் உண்டாகி, ஃபைப்ரினோஜன் என்ற சரக்கு தீர்ந்துபோகிறது. உண்டான கட்டிகளும் கரைகின்றன. அப்புறம் ரத்தம் உறைவதற்கு வழியே இல்லை. ஈறில் கசியும், சிறுநீர் சிவக்கும். இதே விஷத்தை 10,000இல் ஒரு பங்காகக் கரைத்து, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியாக்காரர்களின் காயத்தில் வைத்து ரத்தத்தை நிறுத்தலாம் என்று 1934இல் லண்டனில் மக்ஃபர்லேனும் பார்னெட்டும் காட்டினார்கள். லேப்களில் ரத்தம் உறையும் ஒரு பரிசோதனைக்கே ரஸ்ஸல் பெயர் இருக்கிறது.

எங்க சித்தப்பாவைத் தாளடி அறுப்பில் விரியன் கடித்தது. முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள், அதில் ஒரு மணி நேரம் போச்சு. பிறகு ஆஸ்பத்திரியில் 2 மில்லி ரத்தம் எடுத்து, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைத்தார்கள். நர்ஸம்மா குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணியாட்டம் ஓடிச்சு. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் சாய்த்தார்கள். இந்தத் தடவை ஓடலை.