வெறுங்கையோடு திரும்பின ஸ்தானாபதி

ஸ்தானாபதி என்கிறவன் தன் ராஜாவின் சார்பாக அந்நிய தேசத்தில் போய் நிற்கிறவன். அங்கே அவனுடைய சொந்த மானம் முக்கியமில்லை, அனுப்பினவருடைய மானமே முக்கியம். இதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரு பிரபுவைப்பற்றி இந்த மாதம் சொல்லுகிறேன்.

ஜார்ஜ் மக்கார்ட்னி 1737-ல் அயர்லாந்து தேசத்தில் நிலபுலமுள்ள குடும்பத்தில் பிறந்தார். 27 வயதிலேயே ருஷியாவின் கேதரின் ராணியிடம் இங்கிலாந்தின் தூதராகப் போய், 1766-ல் வியாபார உடன்படிக்கை செய்து முடித்தார்.

1781-ல் நம்ம சென்னைக்கே கவர்னராக வந்தார். ஐதர் அலியோடு யுத்தம், ஊரெங்கும் பஞ்சம். அந்நாட்களில் கம்பெனி அதிகாரிகள் பலர் காணிக்கை வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். இவரோ அப்படிப்பட்ட பணத்தைத் தொடவில்லை. கை சுத்தம்! ஆனால் மனசில் ரோஷம் இருந்தது பாருங்க. 1784-ல் இதே சென்னையில் ஆலோசனைச் சபை அங்கத்தினரான சாட்லியரோடு துப்பாக்கிச் சண்டைக்கு நின்றார். தான் பதவிநீக்கம் செய்த ஜெனரல் ஸ்டூவர்ட்டோடு 1786-ல் லண்டனில் மறுபடியும் நின்றார். இரண்டு தரமும் காயப்பட்டவர் இவர்தான்.

பிறகு மூன்றாம் ஜார்ஜ் ராஜா அவரைச் சீனாவுக்கு அனுப்பினார். 1792-ல் புறப்பட்டு, மறுவருஷம் போய்ச் சேர்ந்தார். சக்கரவர்த்தி சியென்லுங்குக்கு முன்பாக மூன்று தரம் முழங்காலிட்டு, ஒன்பது தரம் நெற்றி தரையில் பட வணங்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். வாரக்கணக்காய் வாக்குவாதம். இவர் கோபப்படாமல், அவசரப்படாமல், ஒரே பதிலில் நின்றார்: என் ராஜாவுக்குச் செய்கிறதற்கு மேலாக வேறொருவருக்கும் செய்யமாட்டேன். 1793 செப்டம்பர் 14-ல் ஜெஹோலில் ஒரு முழங்காலை மட்டும் மடக்கி ராஜாவின் கடிதத்தைக் கொடுத்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

பலன்? ஒன்றுமில்லை. புதிய துறைமுகங்கள் கேட்டார், கிடைக்கவில்லை. பீக்கிங்கில் தூதர் தங்க அனுமதி கேட்டார், அதுவும் இல்லை. 1794-ல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். பின்பு தென் ஆப்பிரிக்காவின் கேப் நாட்டிலும் கவர்னராயிருந்து, 1806-ல் மரித்தார். பிள்ளைகள் இல்லை, பிரபு பட்டமும் அவரோடே முடிந்தது.

தன் பேருக்காகத் துப்பாக்கி எடுத்த அதே மனுஷன், ராஜாவின் பேருக்காகப் பொறுமையாய் நின்றார். இதில் எது பெரிய தைரியம் என்று நான் யோசிக்கிறேன். நம்ம வீட்டிலும் வேலையிடத்திலும் நாம் யாருடைய பேருக்காகச் சண்டை போடுகிறோம்? நீங்களும் யோசித்துப்பாருங்கள்.