வேரா மென்சிக்

1929ஆம் ஆண்டு, செக்கோஸ்லோவாக்கியாவின் கார்ல்ஸ்பாட் நகரில் பெரிய சதுரங்கப் போட்டி ஒன்று நடைபெற்றது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் 22 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுள் ஒருவர் மட்டுமே பெண். அவர்தாம் வேரா மென்சிக். ஒரு பெண்ணைப் போட்டியில் சேர்த்ததை ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆல்பர்ட் பெக்கர் கேலி செய்தார். வேராவிடம் தோற்பவர்களுக்கென்று தனிக் கழகமே தொடங்கலாம் என்று சொல்லிச் சிரித்தார். சில நாள்களிலேயே அவர் வேராவிடம் தோற்று, அக்கழகத்தின் முதல் உறுப்பினரானார்!

வேரா 1906இல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை செக் நாட்டவர், தாய் ஆங்கிலேயர். ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் குடும்பம் தன் சொத்தை இழந்தது; பெற்றோரும் பிரிந்தனர். 1921இல் தாயும் வேராவும் தங்கை ஓல்காவும் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் வட்டாரத்தில் குடியேறினர்.

பதினைந்து வயது வேராவுக்கு அப்போது ஆங்கிலம் சரிவரத் தெரியாது. புதிய ஊரில் யாரிடம் என்ன பேசுவது? சதுரங்கப் பலகையின்முன் அமர்ந்தால் பேச வேண்டிய தேவையே இல்லை. அவ்வூர்ச் சதுரங்கக் கழகத்தில் சேர்ந்தார். ஹங்கேரி நாட்டு வல்லுநர் கேசா மரோட்சி அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஆரவாரமின்றி, பொறுமையாகக் காய்களை நகர்த்தும் ஆட்டமுறை வேராவுக்குக் கைவந்தது.

1927இல் முதல் மகளிர் உலக வெற்றியாளர் போட்டி லண்டனில் நடந்தது. வேரா பத்து ஆட்டங்களில் வென்றார். ஒன்றைச் சமன் செய்தார். அன்று பெற்ற பட்டத்தை இறக்கும்வரை அவரிடமிருந்து எவராலும் பறிக்க இயலவில்லை.

ஆண்களோடு மோதிய போட்டிகளில் நிலைமை வேறு. கார்ல்ஸ்பாட்டில் பெக்கரை வென்ற அதே வேராவுக்குக் கிடைத்தது கடைசி இடம். ஆயினும் அதே ஆண்டு, ராம்ஸ்கேட் போட்டியில் கபபிளாங்காவுக்கு அடுத்த இடத்தை ரூபின்ஸ்டைனுடன் பகிர்ந்துகொண்டார். தம் ஆசிரியர் மரோட்சியையும் முந்தினார். தோல்விகளுக்கு அஞ்சி அவர் வலியவர்களைத் தவிர்க்கவில்லை. பெக்கரின் கழகமும் வளர்ந்துகொண்டே போனது. பின்னாளில் உலக வெற்றியாளரான மாக்ஸ் யூவேயும், இந்தியாவிலிருந்து வந்து பிரிட்டிஷ் வெற்றியாளரான சுல்தான் கானும் அதில் இடம்பெற்றனர்.

1939இல் புவனஸ் அயர்ஸில் தம் பட்டத்தை மீண்டும் தக்கவைத்துக்கொண்டார். பத்தொன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் தோற்கவில்லை. ஆனால், அப்போட்டி முடிவதற்குள் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. லண்டனில் அவர் பொறுப்பேற்றிருந்த தேசியச் சதுரங்க மையம் 1940இல் குண்டுவீச்சில் அழிந்தது. 1943இல் கணவர் காலமானார். 1944 ஜூன் மாத இறுதியில் ஓர் இரவு, விமானி இல்லாமல் பறந்து வரும் குண்டு ஒன்று அவர்களது வீட்டின்மீது விழுந்தது. வேரா, ஓல்கா, தாய் மூவரும் மாண்டனர். வேராவுக்கு அப்போது வயது 38.

சதுரங்க ஒலிம்பியாட்டில் முதலிடம் பெறும் மகளிர் அணிக்கு வேரா மென்சிக் கிண்ணம் வழங்கப்படுகிறது. 2024இல் புடாபெஸ்ட் நகரில், சென்னையைச் சேர்ந்த வைஷாலி இடம்பெற்றிருந்த இந்திய மகளிர் அணி முதன்முறையாக அக்கிண்ணத்தை வென்றது.