பட்டம் பெறத் தனியே நடந்தவர்



பிள்ளை பட்டம் பெற்ற வீட்டின் மகிழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். கறுப்பு அங்கியுடன் எடுத்த படம் முன் விறாந்தைச் சுவரில், திரு இருதய ஆண்டவரின் படத்துக்கு அருகே தொங்கும். வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டே கதிரையில் அமர்வார்கள். தாய் தகப்பன் பட்ட பாட்டுக்குக் கிடைத்த பலன் அது. அதில் பெருமைப்படுவது பாவமல்ல. ஆனால் அதே ஒழுங்கையில் இன்னொரு வீடும் உண்டு. பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்ட வீடு அது. உறவினர் வந்து விசாரிப்பார்களே என்று தாய் பூசைக்குக்கூடப் போகக் கூசுகிறாள். மகனோ சாப்பிட வராமல் அறைக்குள்ளே கிடக்கிறான். இந்த வாரம் நான் சொல்லப்போகும் வரலாறு அந்த இரண்டாவது வீட்டை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. முதலாவது வீட்டாரும் வாசிக்கலாம்.

பங்குக் குருமார் அனைவருக்கும் பாதுகாவலராகிய புனித ஜோன் மரிய வியான்னியின் படத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். மெலிந்த முகம், வெண்ணிறத் தலைமுடி, கழுத்தில் ஸ்தோலை. ஆர்ஸ் என்னும் சிற்றூரின் பங்குக் குருவாக அவர் செய்தவற்றைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். குருவாகும் முன்னர் அவர் பரீட்சை மண்டபங்களில் பட்ட அவமானத்தைப் பற்றிக் கேட்பது குறைவு.

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அண்மையிலுள்ள டார்டில்லி கிராமத்தில் 1786ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி அவர் பிறந்தார். தகப்பன் மத்தேயு கமக்காரர். தாயின் பெயர் மரியாள். ஆறு பிள்ளைகளில் இவர் நாலாவது. இவருக்கு மூன்று வயதானபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஆலயங்கள் மூடப்பட்டன. அரசாங்கத்துக்குச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த குருமார் மாறுவேடத்தில் ஒளித்துத் திரிந்தனர். 1799இல், தமது 13ஆவது வயதில், இவர் முதல் நன்மை வாங்கியது ஆலயத்தில் அல்ல. எக்குல்லி என்ற அயலூரில் ஒரு வீட்டின் அறைக்குள். மெழுகுதிரி வெளிச்சம் தெருவுக்குத் தெரியாதிருக்க, காய்ந்த புல் ஏற்றிய வண்டிகளை யன்னல்களுக்கு முன்னால் நிறுத்தி வைத்தார்களாம். குருத்துவம் என்றால் என்ன விலை என்பதைச் சிறுவன் அப்போதே கண்டுகொண்டான்.

பள்ளிக்கூடம் என்று சொல்லத்தக்கதாக அவருக்குக் கிடைத்தது குளிர்கால மாதங்கள் சிலவே. மற்றக் காலமெல்லாம் ஆடும் மாடும் வயலுந்தான். குருவாக வேண்டும் என்று அவர் கேட்டபோது தாய் மகிழ்ந்தாள், தகப்பன் மறுத்துவிட்டார். வயலில் கை குறையும், படிப்புக்குக் காசும் வேண்டும். இரண்டு ஆண்டுகள் தாய் மன்றாடிய பின்னரே மத்தேயு இணங்கினார். எக்குல்லியின் பங்குக் குரு பாலே அடிகளார் தமது இல்லத்தில் நடத்திய சிறு பள்ளியில் சேர்ந்தபோது ஜோன் மரியவுக்கு வயது 20.

அங்கே இலத்தீன் என்ற மலை எதிரே நின்றது. அக்காலத்தில் குருமடப் படிப்பு முழுவதும் இலத்தீனிலேயே நடந்தது. பாடமும் இலத்தீன், கேள்வியும் இலத்தீன், பதிலும் இலத்தீன். தாய்மொழியின் இலக்கணத்தையே ஒழுங்காகக் கற்காத ஒருவர் 20 வயதில் அந்நிய மொழியின் வேற்றுமைகளை மனனம் செய்வதென்றால் என்ன பாடு என்பதைக் குருமடத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். இரவில் படித்தது காலையில் இராது. கூடப் படித்தவர்களோ சிறுவர்கள். அவர்களுள் மிகக் கெட்டிக்காரனான மத்தியாஸ் லோராஸ் என்ற பையன் இவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அலுத்து, ஒருநாள் பொறுமையிழந்து எல்லோர் முன்னிலையிலும் அடித்துவிட்டான். 20 வயது வாலிபர், கலப்பை பிடித்துக் கைகள் உரமேறியவர், அந்தச் சிறுவனுக்கு முன்னால் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். பையன் அழுதுகொண்டு அவரைக் கட்டிப்பிடித்தான். அந்த நட்பு பின்னர் அறுபடவேயில்லை. அந்த மத்தியாஸ் லோராஸ் 1837இல் அமெரிக்காவின் டுபியூக் மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராக நியமனம் பெற்றார். ஒரே மேசையில் இருந்த இருவரில் கெட்டிக்காரனும் வீண்போகவில்லை, மொட்டையனும் வீண்போகவில்லை.

இடையில் இன்னொரு சோதனை வந்தது. நெப்போலியனின் போர்களுக்காக 1809இல் இவரையும் படைக்கு அழைத்தார்கள். நோயுற்று ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர், புறப்படவேண்டிய நாளில் கோவிலுக்குள் செபித்திருந்து தம் அணியைத் தவறவிட்டார். பின்னர் நோவே என்ற மலையூரில் வேறு பெயரில் ஒரு வருடத்துக்கு மேலாக ஒளித்திருந்து, அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். படையிலிருந்து ஓடியவன் வீடு என்று தகப்பனை அதிகாரிகள் நெருக்கினார்கள். பொதுமன்னிப்பு வந்து, தம்பி ஒருவர் இவருக்குப் பதிலாகப் படைக்குப் போன பின்னரே வீடு திரும்ப முடிந்தது. இந்தப் பகுதியைப் புனிதரின் வரலாற்றை எழுதுவோர் சிலர் மெதுவாகத் தாண்டிவிடுவார்கள். தாண்டவேண்டியதில்லை. மத்தேயு குடும்பத்துக்கு அன்று ஊரில் தலைநிமிர இடமிருக்கவில்லை என்பதும் வரலாறுதான். திரும்பிவந்த சில வாரங்களுள், 1811இல், தாய் மரியாள் காலமானாள். மகனுக்காகத் தகப்பனிடம் மன்றாடியவள் அவரைப் பீடத்தில் காணவில்லை.

1812இல் வெரியேர் சிறிய குருமடத்தில் சேர்ந்தார். வயது 26. படிப்பிக்கிறவர்களிலும் சிலர் இவரைவிட இளையவர்கள். இலத்தீனில் தத்துவம் விளங்காத சிலரை வேறாக்கி அவர்களுக்குப் பிரெஞ்சில் பாடம் நடத்தினார்கள். அந்த வகுப்பிலும் இவர் கடைசிதான். அதே குருமடத்தில் மர்செலின் சம்பஞ்ஞா என்ற மாணவரும் இருந்தார். அவரும் படிப்பில் தடுமாறி, முதலாண்டின் முடிவில் திரும்பி வரவேண்டாம் என்று சொல்லப்பட்டு, தாயின் முயற்சியால் மீண்டும் சேர்க்கப்பட்டவர். மரிஸ்ட் சகோதரர் சபையைத் தொடங்கியவர் அவரே. நீர்கொழும்பில் 1922இல் மரிஸ் ஸ்டெல்லா கல்லூரியை நிறுவியவர்கள் அவருடைய பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம் என்று அனுப்பப்பட்ட ஒருவரால் எத்தனை பள்ளிக்கூடங்கள் பாருங்கள்! 1999இல் அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார்.

1813இல் லியோன் பெரிய குருமடம். அங்கே நிலைமை இன்னும் மோசமாயிற்று. இலத்தீனில் கேட்ட கேள்வி விளங்கவில்லை. விளங்கியதற்கும் இலத்தீனில் பதில் வரவில்லை. சில மாதங்களில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர்களை நாம் குறைசொல்வதற்கில்லை. ஆன்மாக்களை வழிநடத்தப் போகிறவனுக்குத் தேவசாத்திரம் தெரியவேண்டும் என்பது நியாயமே. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எக்குல்லிக்குத் திரும்பிய அந்த வழிப்பயணத்தை, பெறுபேறு பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்த பிள்ளைகள் அறிவார்கள்.

ஆனால் பாலே அடிகளார் விடவில்லை. இந்த மனிதரை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. மாணவனின் மறதியை எல்லோரும் கண்டார்கள். அவர் மட்டும் அதற்குள்ளே இருந்த நிதானத்தையும் செபத்தையும் கண்டார். தாமே பிரெஞ்சில் தேவசாத்திரம் சொல்லிக்கொடுத்து மறுபடி பரீட்சைக்கு அனுப்பினார். பரீட்சகர்களைக் கண்டதும் ஜோன் மரிய பயந்து குழம்பிவிட்டார், மறுபடியும் தோல்வி. அடிகளார் நேரே போய்ப் பேசி, பரீட்சகர்களை எக்குல்லிக்கே அழைத்துவந்தார். பழகிய அறையில், பழகிய மொழியில், தம் ஆசிரியர் பக்கத்தில் இருக்க, அதே மாணவர் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். முடிவு மறைமாவட்டத்தை நிருவகித்த குருமுதல்வர் கூர்போன் கையில் இருந்தது. அவர் கேட்டது இலக்கணமல்ல. இவர் பக்தியுள்ளவரா, தேவமாதாவை நேசிக்கிறவரா, செபமாலை சொல்கிறவரா என்றே விசாரித்தார். ஆம் என்றார்கள். மிகுதியைத் தேவ கிருபை பார்த்துக்கொள்ளும் என்று அவர் அனுமதித்துவிட்டார்.

குருப்பட்ட நாள் 1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 13ஆந் திகதி. இடம் கிரெனோபிள் நகரம். லியோனிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர். வோட்டர்லூவில் நெப்போலியன் தோற்று இரண்டு மாதமாகவில்லை. வழியெல்லாம் ஆஸ்திரியப் படைகள். ஆகஸ்ட் வெயிலில், கொஞ்ச உணவும் பட்டத்துக்கான வெள்ளை அங்கியும் கொண்ட சிறு பொட்டலத்துடன், 29 வயதான ஜோன் மரிய தனியே நடந்துபோனார். படைவீரர் பலமுறை மறித்து விசாரித்தார்கள். அன்று பட்டம் பெற்றவர் அவர் ஒருவரே. வாழ்த்த உறவினர் ஒருவரும் இல்லை. மாலை போடவும் விருந்து வைக்கவும் யாருமில்லை. ஒரே ஒருவருக்காக ஆயரைச் சிரமப்படுத்திவிட்டார்களே என்று யாரோ சொல்ல, நல்ல குரு ஒருவருக்குப் பட்டம் கொடுப்பது சிரமமல்ல என்று முதியவரான ஆயர் சீமோன் புன்னகையுடன் பதிலளித்தாராம். நம் பங்குகளில் புதுக் குருவுக்கு நாம் எடுக்கும் ஊர்வலத்தையும் பந்தலையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை இல்லாமலும் குருப்பட்டம் குருப்பட்டமே.

பட்டம் கிடைத்தும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் அனுமதி உடனே கிடைக்கவில்லை. அவருடைய கல்வி போதாது என்று மேலிடம் தயங்கியது. பிற்காலத்தில் நாளொன்றுக்குப் 16 மணித்தியாலம் வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்தவருக்கு, தொடக்கத்தில் மாதக்கணக்கில் அதற்கே தடை! அனுமதி வந்ததும் அவரிடம் முதலில் முழந்தாளிட்டவர் யார் தெரியுமா? அவருடைய ஆசிரியர் பாலே அடிகளார். 1817 டிசம்பரில் அந்த ஆசிரியர் இறந்தார். அவருடைய முகம் பிரதிபலித்த கண்ணாடி என்பதற்காக அந்தச் சிறு முகம்பார்க்கும் கண்ணாடியை மாணவர் கடைசிவரை வைத்திருந்தார்.

1818 பெப்ரவரியில் ஆர்ஸுக்கு அனுப்பினார்கள். மக்கள்தொகை 230 அளவில். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. படிப்பில்லாதவர் படிப்பை அலட்சியம் செய்தார் என்று மட்டும் எவரும் எண்ணவேண்டாம். பிரசங்கத்தை இரவிரவாக எழுதி, மனனம் செய்து, சில வேளை பீடத்தில் மறந்துபோய் இறங்கினார், மறுவாரமும் எழுதினார். 1824இல் ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்தார். ஊர்ப் பெண்கள் இருவரைப் பயிற்சிக்கு அனுப்பி ஆசிரியைகளாக்கினார். அது அநாதைப் பிள்ளைகளின் இல்லமாகவும் வளர்ந்தது.

அயல் குருமார் சிலருக்கு இவரைப் பிடிக்கவில்லை. இவ்வளவு அறிவு குறைந்தவர் பங்கு நடத்தலாமா என்று ஆயருக்கு ஒரு முறைப்பாடு எழுதிக் கையெழுத்துக்குச் சுற்றவிட்டார்கள். அது தவறுதலாக அவர் கைக்கே வந்தது. வாசித்துப் பார்த்தார், உண்மைதானே என்று தாமும் கையெழுத்திட்டு அனுப்பினார். ஆயர் தேவி அவருடைய தீர்ப்புகளைச் சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். 1855 அளவில் ஆண்டுக்கு 20,000 பேர் அந்தக் குக்கிராமத்துக்கு வந்தார்கள். பாவசங்கீர்த்தனத்துக்குப் பல நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்ததால், லியோன் புகையிரத நிலையத்தில் எட்டு நாள் செல்லுபடியாகும் போய்வரும் ரிக்கற்றை விற்றார்கள். கற்றவர்களும் ஆயர்களும் வரிசையில் நின்றார்கள். முன்னர் இலத்தீனில் பதில் சொல்லத் தெரியாதவரிடம் அவர்கள் கேட்டது தங்கள் ஆன்மாவைப் பற்றிய கேள்வியை. அதற்குப் பதில் அவரிடம் இருந்தது.

பட்டங்களும் பின்னாலே வந்தன. 1852இல் ஆயர் அவரைக் கௌரவ கனோன் ஆக்கி அதற்குரிய தோளாடையை அணிவித்தார். அவர் அதை 50 பிராங்குக்கு விற்றுத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். 1855இல் பிரெஞ்சு அரசாங்கம் லெஜியன் ஒப் ஒனர் என்னும் விருதை அறிவித்தது. சிலுவைப் பதக்கத்துக்கு 12 பிராங்கு அனுப்பவேண்டும் என்றார்கள். அந்தப் பணம் ஏழைகளுக்கு உதவும் என்று அவர் அனுப்பவில்லை. வேறொருவர் செலுத்தப் பதக்கம் வந்து சேர்ந்தது. புனிதர்களின் அருளிக்கம் வந்திருக்கிறது என்று ஆவலோடு பெட்டியைத் திறந்தவர், உள்ளே இருந்ததைக் கண்டு ஏமாந்து, அதைத் தம் உதவிக் குருவானவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களிடம் போனார்.

1859 ஆகஸ்ட் 4ஆந் திகதி அதிகாலையில் அவர் மரித்தார். அவருடைய திருநாளும் அதே திகதியில் வருகிறது. 1925இல் அவரைப் புனிதராக உயர்த்திய பதினோராம் பத்திநாதர் 1929இல் உலகெங்குமுள்ள பங்குக் குருமாருக்குப் பாதுகாவலராக்கினார். லியோன் குருமடம் வீட்டுக்கு அனுப்பிய மாணவரின் பரிந்துரையை இன்று எல்லாக் குருமடங்களிலும் கேட்கிறார்கள்.