தராசோடு போன தூதர்

ரோஜர் கேஸ்மென்ட் 1916 ஆகஸ்ட் 3 அன்று லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்ததும் அதே அரசுதான். அயர்லாந்து விடுதலை வரலாற்றில் அவர் தியாகி. பிரிட்டிஷ் சட்ட நூல்களில் ராஜத்துரோகி. இந்த இருவரைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. நோபல் பரிசு பெற்ற வர்காஸ் லோசா 2010-இல் அவரை நாயகனாக்கி நாவலே எழுதினார். எனக்கு முக்கியமாகப்படுவது மூன்றாவது கேஸ்மென்ட். எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று தீராத ஒரு காட்டுக்குள் போய், துப்பாக்கி ஏந்தியவர்களின் விருந்தினராகவே தங்கி, அவர்கள் செய்த கொடுமைகளைக் கணக்கெடுத்துத் திரும்பிய அரசு அதிகாரி அவர்.

சர்ச்சைக்குரிய நிலப்பரப்புகளிலிருந்து வரும் மனித உரிமை அறிக்கைகளுக்கு இன்று கிடைக்கும் முதல் எதிர்வினை, சொல்லப்பட்டது உண்மையா என்ற கேள்வி அல்ல. சொன்னவர் யார், எந்தப் பக்கம், அவருடைய யோக்கியதை என்ன என்பவைதான். கேஸ்மென்டுக்கும் அதுவே நேர்ந்தது. ஆனால், அவர் எழுதியது அவரோடு அழியவில்லை. ஏன் அழியவில்லை என்பதை ஒரு பொருளியல் ஆசிரியனாக நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

அவர் 1864-இல் டப்ளினுக்கு அருகே பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தார். கல்லூரிப் படிப்பு இல்லை. பதின்ம வயதில் லிவர்பூலில் எல்டர் டெம்ப்ஸ்டர் கப்பல் நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். இருபது வயதுக்குள் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார். காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் அமைப்புக்கே சில காலம் வேலை செய்தார். 1892 முதல் பிரிட்டிஷ் அரசுப் பணி. பிறகு தூதரகப் பதவிகள்.

1903-இல் காங்கோவில் நடக்கும் ரப்பர் கொடுமைகளை விசாரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே எல்டர் டெம்ப்ஸ்டரில் எழுத்தராக இருந்த எட்மண்ட் மோரல் ஆன்ட்வெர்ப் துறைமுகக் கணக்குகளில் ஒரு விந்தையைக் கண்டிருந்தார். காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிரம்பி வழிந்தன. திரும்பிப் போகும் கப்பல்களில் விற்பனைச் சரக்கு மிகக் குறைவு, துப்பாக்கியும் தோட்டாவும்தான் போயின. வாங்குபவன் விலை கொடுக்காமல் சரக்கு வருகிறது என்றால் அங்கே நடப்பது வணிகம் அல்ல, அடிமை உழைப்பு என்று அவர் முடிவு கட்டினார். ஏற்றுமதி இறக்குமதிப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெருங்குற்றம் கண்டுபிடிக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மோரல் கணக்கில் கண்டதைக் கேஸ்மென்ட் நேரில் பார்க்கப் போனார். அவர் செய்த முதல் காரியம், ஆற்றில் மேலேறிச் செல்ல அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகளிடமிருந்து ஒரு நீராவிப் படகை வாடகைக்கு எடுத்தது. காங்கோ அரசின் படகில் போனால் அரசு காட்டும் ஊர்களைத்தான் பார்க்க முடியும் என்பது அவருக்குத் தெரியும். லுகோலேலா என்ற ஊரில் 1887-இல் 5,000 பேர் இருந்ததைக் கண்டவர் அவர். 1903-இல் அங்கே 600 பேர்கூட இல்லை என்று பதிவு செய்தார். இதற்குத் தூக்க நோயும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்தே எழுதினார். தன் வாதத்துக்கு உதவாத உண்மையை விட்டுவிடாத இந்தப் பழக்கம் கவனிக்கத்தக்கது.

ஆயினும் காங்கோ அறிக்கை இரண்டு இடங்களில் அடிபட்டது. எபோண்டோ என்ற சிறுவன் தன் கையை ஒரு காவலாள் வெட்டியதாகச் சாட்சி சொன்னான். பின்னர் காங்கோ அதிகாரிகள் அவனையே அழைத்து, காட்டுப்பன்றி கடித்ததாக வாக்குமூலம் வாங்கினர். அந்த ஒரே சாட்சியைப் பிடித்துக்கொண்டு முழு அறிக்கையும் பொய் எனப் பிரசாரம் நடந்தது. மற்றொன்று, அவருடைய அரசே செய்த கெடுதல். 1904-இல் அறிக்கையை வெளியிட்டபோது ஆட்களின் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் நீக்கிவிட்டு வெறும் எழுத்துகளைப் போட்டது வெளியுறவு அமைச்சகம். கேஸ்மென்ட் கொதித்துப்போனார். லியோபோல்டே அமைத்த விசாரணைக் குழு பிறகு அவர் சொன்னவற்றின் சாரத்தை உறுதி செய்தது; 1908-இல் காங்கோ மன்னரின் கையிலிருந்து பறிபோயிற்று. ஆனாலும் அந்த இரண்டு அடிகளை அவர் மறக்கவில்லை என்பது அடுத்த விசாரணையைப் படித்தால் புரியும்.

அந்த அடுத்த இடம் புட்டுமாயோ. அமேசானின் கிளையாறு ஒன்றின் பெயர் அது. அந்த ஆற்றுக்கும் ககேட்டா ஆற்றுக்கும் நடுவிலுள்ள காட்டுக்குப் பெருவும் கொலம்பியாவும் உரிமை கோரின. 1906-இல் இரு நாடுகளும் ஓர் இடைக்கால உடன்பாட்டுக்கு வந்து, படைகளையும் அதிகாரிகளையும் சுங்கச் சாவடிகளையும் திரும்பப் பெற ஒப்புக்கொண்டன. காகிதத்தில் இது சமாதானம். நடைமுறையில், காவல் நிலையமோ நீதிமன்றமோ இல்லாத அந்தக் காடு ஹூலியோ அரானா என்ற பெரு நாட்டு ரப்பர் வணிகரின் ஆயுதம் தாங்கிய ஆட்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1908 தொடக்கத்தில் பெரு நாட்டுப் படையும் அரானாவின் ஆட்களும் சேர்ந்து கொலம்பியர்களின் ரப்பர் நிலையங்களைத் தாக்கினர். இரு அரசுகள் ஒரு நிலத்துக்குச் சண்டையிடும்போது, அந்த நிலத்தில் வாழ்பவனின் முறையீட்டைக் கேட்க ஒருவரும் இருப்பதில்லை. உயிட்டோட்டோ, போரா, அண்டோக்கே பழங்குடியினரின் கதி அதுதான்.

அந்தத் தாக்குதலின்போது அரானாவின் ஆட்களிடம் சிக்கித் தப்பிய அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஹார்டன்பர்க், தான் கண்டதையும் கேட்டதையும் 1909-இல் லண்டன் இதழ் ஒன்றில் வெளியிட்டார். அரானாவின் நிறுவனம் 1907-இல் லண்டனில் பதிவானது. இயக்குநர்களில் ஆங்கிலேயரும் இருந்தனர். ஆயினும் இன்னொரு நாடு உரிமை கோரும் காட்டில் பிரிட்டன் எப்படி விசாரிக்க முடியும்? அதற்கு ஒரு கதவு இருந்தது. 1904-05-இல் அரானா, பார்படோஸ் தீவிலிருந்து ஏறத்தாழ 200 கறுப்பினத்தவரைக் கங்காணிகளாக வேலைக்குச் சேர்த்திருந்தார். அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். தன் பிரஜைகளின் நலனை விசாரிக்கிறேன் என்று சொல்லி 1910-இல் அரசு கேஸ்மென்டை அனுப்பியது. சட்டம் திறந்துவைத்த அந்தச் சிறு இடுக்கு வழியாகத்தான் பழங்குடியினரின் கதை வெளியே வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை அவர் அங்கே இருந்தார். இம்முறை சொந்தப் படகு இல்லை. லா சோரேரா முதலிய நிலையங்களில், குற்றவாளிகளின் கூரையின் கீழ் உறங்கி, அவர்கள் மேசையில் உணவு உண்டார். பார்படோஸ்காரர்கள் 30 பேரைத் தனித்தனியே விசாரித்தார். பழங்குடியினரைச் சாட்டையால் அடித்தவர்களே அவர்கள்தாம். தாங்கள் செய்ததையும், செய்ய மறுத்தபோது தங்களுக்கு நேர்ந்ததையும் ஒளிக்காமல் சொன்னார்கள். அவர்களும் நிறுவனக் கடையின் பற்றில் மூழ்கி ஊர் திரும்ப முடியாமல் கிடந்தவர்கள். கடைக்கணக்கை வாங்கிப் பார்த்த கேஸ்மென்ட், பொருள்களுக்குப் பல மடங்கு விலை எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, கணக்கைக் குறைக்கச் சொல்லி நிறுவனத்துடன் வாதாடினார். பாதிக்கப்பட்டவரின் சாட்சியை மிரட்டி மாற்றலாம். தன் மேலேயே குற்றம் சுமத்திக்கொள்ளும் சாட்சியை மாற்றுவது கடினம். எபோண்டோ கற்பித்த பாடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

புட்டுமாயோவின் மையத்தில் ஒரு தராசு இருந்தது. குறிப்பிட்ட நாள்களுக்கு ஒரு முறை பழங்குடியினர் ரப்பரைச் சுமந்துவந்து நிறுக்க வேண்டும். முள் உரிய எடையைத் தொட்டால் மகிழ்ச்சியில் துள்ளுவார்கள்; தொடாவிட்டால் அடி வாங்கத் தாங்களே தரையில் குப்புறப் படுத்துவிடுவார்கள். சாட்சிகள் சொன்ன இக்காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் நடுங்கும். கேஸ்மென்ட் அதே தராசைத் தன் பக்கம் திருப்பினார். காட்டுப் பாதையில் வந்த சுமைகளை நிறுத்தார், சுமந்தவர்களையும் நிறுத்தார். ஒமாரினோ என்ற சிறுவனின் சுமை அவன் எடையைவிட அதிகம். யாருடைய உடலிலெல்லாம் சாட்டைத் தழும்பு இருக்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். (பின்னர் அச்சிறுவனையும் ஓர் இளைஞனையும் லண்டனுக்கு அழைத்துச் சென்று செல்வாக்குள்ளவர்களிடம் காட்டினார். நோக்கம் நல்லதுதான், ஆனாலும் இன்று அதைப் படிக்கையில் மனம் ஒப்பவில்லை.)

கொடுமையின் காரணத்தையும் அவர் சரியாகக் கண்டார். நிலையத் தலைவர்களுக்கு வருமானமே ரப்பர் எடையின் மீதான தரகு. உழைப்பவனுக்குக் கூலி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. பழங்குடியினருக்கு மரவள்ளித் தோட்டம் போட நேரமே விடப்படவில்லை. எனவே கசையடியோடு பட்டினியும் கொன்றது. உழைப்பாளி சாகும் வேகத்தைவிட மரத்திலிருந்து பணம் வேகமாக வந்தால், உழைப்பாளியைக் காப்பாற்ற முதலாளிக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. சில கொடியவர்களின் குணக்கேடாக இதைச் சுருக்கிவிடாமல் ஒரு முறைமையாக எழுதியது அவருடைய பெருமை. 12 ஆண்டுகளில் அங்கிருந்து வந்த சுமார் 4,000 டன் ரப்பருக்கு 30,000 உயிர்கள் போயின என்பது அவருடைய மதிப்பீடு. டன்னுக்கு ஏழு பேருக்கும் மேல்.

பலன் என்ன? 1911-இல் பட்டம் கிடைத்தது. 200-க்கும் மேற்பட்டோர் மீது பெரு நாட்டு நீதிபதி பிடியாணை பிறப்பித்தார். பிடிபட்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். நிலைமையைப் பார்க்க மீண்டும் இக்கிடோஸ் நகருக்குப் போன கேஸ்மென்ட் வெறுங்கையோடு திரும்பினார். 1912-இல் அறிக்கை வெளியானது, இம்முறை பெயர்களோடு. நாடாளுமன்றக் குழு ஆங்கிலேய இயக்குநர்களைக் கடுமையாகக் கண்டித்தது. ஒருவரும் சிறை செல்லவில்லை. நிறுவனத்தைக் கலைக்கும் பொறுப்பு முதலில் அரானாவிடமே ஒப்படைக்கப்பட்டது என்பது நம்ப முடியாத உண்மை. 1913-இல்தான் நீதிமன்றம் தலையிட்டது. அரானா பின்னாளில் பெரு நாட்டு செனட்டராகவும் ஆனார்.

அந்த ரப்பர் ஆட்சியை உலுக்கியதில் சட்டத்தைவிட விலைக்குப் பங்கு அதிகம். 1876-இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோகப்பட்ட விதைகள் இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களாக வளர்ந்திருந்தன. 1910-இல் உச்சம் தொட்ட ரப்பர் விலை சரிந்தது. சில ஆண்டுகளில் ஆசியத் தோட்ட ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை முந்தியது. அந்த மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் மிகப் பலர் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள். கங்காணியும், கடன் பற்றும், காய்ச்சல் சாவும் அவர்களுக்கும் புதியவை அல்ல. புட்டுமாயோவை விடுவித்த மலிவு ரப்பரின் விலையில் அவர்கள் கொடுத்த பங்கு எந்தப் பேரேட்டிலும் முழுதாக எழுதப்படவில்லை. அங்கே ஒரு கேஸ்மென்ட் அனுப்பப்படவும் இல்லை.

1913-இல் பதவி விலகிய அவர், அயர்லாந்தும் ஒரு பேரரசின் கீழ் வதைபடும் நாடுதான் என்ற முடிவுக்கு வந்திருந்தார். போர் மூண்டதும் ஜெர்மனி சென்று ஆயுதமும் படையும் திரட்ட முயன்று தோற்றார். 1916 ஏப்ரலில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து கரையிறங்கிய அன்றே பிடிபட்டார். 1351-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி விசாரணை. அச்சட்டத்தின் நிறுத்தற்குறிகளை வைத்தே வழக்கறிஞர்கள் வாதாடினர். ஆர்தர் கோனன் டாயில் போன்றோர் கருணை கேட்டனர். அப்போது அரசுத் தரப்பு, அவருடைய ஓரினச் சேர்க்கை அனுபவங்கள் பதிவான அந்தரங்க நாட்குறிப்பின் பக்கங்களை முக்கியமானவர்களிடம் ரகசியமாகக் காட்டியது. அக்குறிப்புகள் போலி என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. 2002-இல் நடந்த தடயவியல் ஆய்வு அவை உண்மையானவை என்றது. கருணை மனுவில் கையெழுத்திட மறுத்தவர்களில், காங்கோவில் அவரோடு பழகிய எழுத்தாளர் ஜோசப் கான்ராடும் ஒருவர்.

மரணதண்டனைக் கைதியாக இருந்த அவருக்கு அரானா தந்தி அனுப்பினார்: புட்டுமாயோ பற்றிச் சொன்னதெல்லாம் பொய் என்று இப்போதாவது ஒப்புக்கொள்ளும்படி. மனிதரை உடைத்துவிட்டால் அறிக்கையும் உடையும் என்று அரானா எண்ணியிருக்க வேண்டும். ஆனால், அந்த அறிக்கை கேஸ்மென்டின் நல்ல பெயரை நம்பி நிற்கவில்லை. கங்காணிகளின் வாக்குமூலமும், கடைக்கணக்கும், சுமையின் எடையும் அதில் இருந்தன; பெரு நாட்டின் சொந்த நீதிபதி காட்டுக்குள் போய் விசாரித்துக் கண்டதும் அதையே உறுதி செய்தது. அவருடைய அரசியலை ஏற்காதவரும் அவருடைய வாழ்க்கையை வெறுப்பவரும்கூட அந்த எண்களைச் சரிபார்க்க முடிந்தது. தந்திக்கு அவர் பணியவில்லை.

அவருடைய எலும்புகள் 1965-இல் டப்ளினுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. புட்டுமாயோ காடு 1922 உடன்படிக்கையால் கொலம்பியாவுக்குப் போயிற்று. அதற்குப் பிறகும் 1932-33-இல் இரு நாடுகளும் ஒரு முறை போரிட்டன. ரப்பர் காலக் கொடுமைகளுக்காகக் கொலம்பிய அதிபர் பழங்குடியினரிடம் மன்னிப்புக் கேட்டது 2012 அக்டோபரில். லா சோரேராவில் அரானா நிறுவனத்தின் பழைய கட்டடம் இப்போது பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம்.